காட்டுப் பாதை நடைக்குப் பருத்திச் சட்டை பொருந்துமா?

வெயிலுக்குப் பருத்தியே சிறந்தது என்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. வீட்டில் விசிறிக்கு அடியில் அமர்ந்திருப்போருக்கு அது சரி. ஆனால், புக்கிட் தீமா குன்றிலோ மெக்ரிட்சி காட்டுப் பாதையிலோ இரண்டு மணி நேரம் நடப்போருக்கு அதே சட்டை சுமையாகிவிடலாம்.

காரணம் வியர்வை. அது ஆவியாகும்போதுதான் உடலின் சூடு தணிகிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். மரங்கள் அடர்ந்த பாதைகளில் காற்றோட்டமும் குறைவு. இத்தகைய இடத்தில் கனமான, ஈரத்தைப் பிடித்துவைக்கும் துணி உடலுக்குக் கூடுதல் சிரமம் தரும்.

எந்தத் துணி எப்படி?

பருத்தி: நீரை நன்கு உறிஞ்சும், மெதுவாகவே காயும். நனைந்ததும் கனத்து, தோலில் ஒட்டி உரசும். அக்குளிலும் தொடையிலும் புண் ஏற்படலாம். ஜீன்ஸ் காற்சட்டையை அறவே தவிர்க்கலாம்.

பாலியெஸ்டர்: இதன் இழை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், அதனால் விரைவில் உலரும். வியர்வை வாடை எளிதில் தங்கிவிடுவது இதன் குறை.

நைலான்: உரசலைத் தாங்கும். முட்செடிகளும் பாறைகளும் உள்ள பாதைகளுக்கான காற்சட்டைக்கு ஏற்றது.

மெரினோ கம்பளி: மெல்லியதாக நெய்யப்பட்டது வெப்பத்திலும் அணியத்தக்கது. வாடை குறைவு, விலை அதிகம்.

மூங்கில் துணி: பெரும்பாலும் விஸ்கோஸ் வகையைச் சேர்ந்தது. தொட்டால் குளிர்ச்சியாக இருந்தாலும் பருத்தியைப் போலவே ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

வாங்கும்போது

துணியின் பெயரைப் போலவே நெசவும் முக்கியம். மெல்லிய, சற்றுத் தளர்வான, வெளிர்நிறச் சட்டையே நல்லது. தளர்வான முழுக்கைச் சட்டை வெயிலையும் கொசுவையும் தடுக்கும். புற ஊதாக் கதிர்ப் பாதுகாப்புக் குறியீடு 50 என்று இருந்தால், அந்தக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டுமே துணியைக் கடந்து தோலை அடையும். உட்புறத் தையல்கள் தட்டையாக உள்ளனவா என்று தடவிப் பார்க்கலாம். துவைக்கும்போது துணி மென்மையாக்கியைத் தவிர்ப்பது நல்லது. அது வியர்வையைப் பரவச்செய்யும் தன்மையைக் குறைத்துவிடும்.

உடை மட்டும் போதாது

எந்தத் துணியும் வெப்பத்தை முழுமையாகத் தடுத்துவிடாது. காலையிலேயே புறப்படுவதும், போதிய தண்ணீரும் மாற்றுச் சட்டை ஒன்றும் எடுத்துச்செல்வதும் அவசியம். கிளம்புமுன் ‘மைஈஎன்வி’ செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி தோன்றினால் உடனே நிழலில் அமர்ந்து, உடையைத் தளர்த்தி, தண்ணீர் அருந்த வேண்டும். உடன் வந்தவர் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ தாமதிக்காமல் 995 எண்ணை அழைத்து, உதவி வரும்வரை அவரது உடலை நீரால் நனைத்து விசிறிவிட வேண்டும்.