கூலி எம்புட்டு?

உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில் எங்க தெரு. நூறு நாள் வேலை வரப்போகுது என்று நான் ஓடிப்போய்ச் சொன்னபோது எங்க ஆச்சி கேட்டது ஒன்றுதான்: "வேல சரிலே, கூலி எம்புட்டு தருவாவ?"

ஆச்சிக்கு வேலை என்றைக்கும் குறைந்ததில்லை. விறகு சுமந்தாள், தோட்டத்தில் களை பறித்தாள், உப்பளத்தில் உப்புச் சுமந்தாள். குறைந்ததெல்லாம் கூலிதான். 'எல்லாருக்கும் வேலை' என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அடிமைக்கு வேலையில்லாத நாள் ஏது?

1944ல் பிலடெல்பியாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, முழு வேலைவாய்ப்பையும் வாழப் போதுமான கூலியையும் ஒரே பிரகடனத்தில் வைத்தது. அப்போது இங்கே வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர். அவர் 1946ல் கொண்டுவந்த மசோதாதான் 1948ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமானது. அரசியல் சட்டமும் 41ஆம் பிரிவில் வேலை, 43ஆம் பிரிவில் வாழ்வதற்கான கூலி என்று எழுதியது. ஆனால் இரண்டுமே கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாத வழிகாட்டு நெறிகள்.

ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணம் என்று ரோடு போடவைத்துக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தார்கள். 1983ல் சஞ்சித் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய வேலை என்றது. சவுக்கு வேண்டியதில்லை, பசியே இழுத்து வந்தாலும் கட்டாயம்தான்.

பிறகு 2005ல் வேலை உறுதிச் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு 100 நாள். கேட்ட 15 நாளில் தராவிட்டால் வேலையில்லாப் படி. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் 6(1) பிரிவு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன சொன்னாலும் மத்திய அரசே கூலியை நிர்ணயிக்கலாம் என்றது. 2009 ஜனவரியில் அந்தப் பிரிவைப் பயன்படுத்தவும் செய்தார்கள். அண்ணல் போட்ட வேலியை அரசாங்கமே தாண்டியது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்று 2011ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியும் ஒன்று நடந்தது. குளத்து வேலைக்குப் போன வருசம், தோட்டத்துக்குக் கூப்பிட வந்தவரிடம் ஆச்சி சொன்னாள்: "அந்தக் கூலிக்கு வரமாட்டேன் மொதலாளி." அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மறுக்க முடிகிற கூலிக்காரிதான் சுதந்திரமானவள். அதனால் தோழர்களே, இனி எந்தச் சட்டம் வந்தாலும் எத்தனை நாள் வேலை என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆச்சி கேட்டதையும் கேளுங்கள்.