கூலி இல்லாத ஆட்டம்



முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம், ஆடியவர்கள் சிலரே. ஆங்கிலேயர் காலத்து மலாயாவில் அது பெரும்பாலும் துரைமார்களும் அரசாங்க அதிகாரிகளும் ஆடிய ஆட்டம். தோட்டத்துத் திடலில் நம்மவர்கள் காற்பந்து உதைத்தார்கள். நகரத்துக் கிளப்புத் திடலில் துரைமார்கள் ரக்பி ஆடினார்கள். ஆகவே, அது பெரிய இடத்து ஆட்டம் என்ற எண்ணம் நமக்கு ஏற்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி, உழைத்துப் பிழைத்த தொழிலாளர்களின் வரலாறு. சம்பளம் வாங்காமல் ஆடிய அவர்களுக்கு அந்த ஆட்டம் தந்தது என்ன? அதை இன்று காண்போம்.

இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்று உண்டு. ஆட்டத்துக்குப் பெயர் தந்தது அந்தப் பள்ளிதான். அதன் விதிகள் 1845-ஆம் ஆண்டில் அங்கே முதன்முதலாக எழுதப்பட்டன. 1871-இல் 21 கிளப்புகள் லண்டனில் கூடி ரக்பிச் சங்கத்தை அமைத்தன.

இந்த ஆட்டம் தொழிலாளர்களிடம் எப்படிச் சென்றது? ஓய்வு நேரம் கிடைத்ததால் சென்றது. நெசவாலைகளில் பெண்களும் இளையவர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறியது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் அரைநாள் ஓய்வு கிடைத்தது. அந்த அரைநாளில்தான் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் திடலுக்கு வந்தார்கள்.

வந்த இடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. வெளியூர் ஆட்டம் என்றால் சனிக்கிழமை காலை வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. "ஆட்டத்துக்குக் காசு வேண்டாம்; இழந்த கூலியையாவது ஈடு செய்யுங்கள்" என்பதே வடபகுதிக் கிளப்புகளின் கோரிக்கை. 1893-இல் லண்டனில் நடந்த கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 282 வாக்குகள், ஆதரவாக 136. கோரிக்கை தோற்றது. காசு வாங்காமல் ஆடுவதே 'அமெச்சூர்' பண்பாடு என்று சங்கத்தார் உறுதியாக நின்றார்கள். சொத்துள்ளவருக்கு அது எளிது. நாட்கூலிக்காரருக்கோ அது அடுப்பில் உலை வைக்கும் பிரச்சினை.

1895 ஆகஸ்ட் 29-ஆம் நாள் வடபகுதிக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனிச் சங்கம் கண்டன. அதுவே பின்னாளில் 'ரக்பி லீக்' எனப்பட்டது. அன்று முதல், அங்கே போய்க் காசுக்கு ஆடியவர் பழைய சங்கத்தின் திடலில் மீண்டும் கால் வைக்க முடியாது என்ற தடை நீண்டகாலம் நிலவியது. வேல்ஸ் நாட்டில் வேலை இல்லாமல் தவித்த காலங்களில் பல நல்ல ஆட்டக்காரர்கள் பிழைப்புக்காக வடக்கே போனார்கள். கூட ஆடி வளர்ந்த நண்பர்களோடு சொந்த ஊர்க் கிளப்பில் ஆடும் உரிமையை அவர்கள் இழந்தார்கள்.

இத்தனை இருந்தும், வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்கள் அமெச்சூர் ரக்பியை விட்டுவிடவில்லை. 1905 டிசம்பர் 16-ஆம் நாள் கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணி நியூசிலாந்தை 3-0 என்ற கணக்கில் வென்றது. அந்தப் பெரும் சுற்றுப்பயணத்தில் நியூசிலாந்து தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். வெற்றிப் புள்ளிகளை எடுத்த டெடி மோர்கன் மருத்துவம் கற்றவர். அவரோடு தோளோடு தோள் நின்ற டாய் ஜோன்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். ரீஸ் கேப் பள்ளி ஆசிரியர். வேறு எந்த இடத்தில் இந்த மூவரும் சமமாக நின்றிருப்பார்கள்? 1972-இல் லனெத்லி என்னும் தொழிலாளர் ஊரின் கிளப்பு அணி, அதே நியூசிலாந்தை 9-3 என வென்றது. அதன் தலைவர் டெல்மி தாமஸ் மின்கம்பி வேலை செய்து பிழைத்தவர்.

இப்படிப்பட்ட நட்பு இந்த ஆட்டத்தில் வளரக் காரணம் அதன் விதிகளிலேயே இருக்கிறது. பந்தைக் கையால் எறிவதென்றால் பின்னால்தான் எறிய வேண்டும், முன்னால் எறியக்கூடாது. முன்னே ஓடுபவன் பின்னே வருபவனை நம்பித்தான் ஆக வேண்டும். 'ஸ்கிரம்' என்னும் நெருக்கத்தில் எட்டுப் பேர் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறார்கள். ஒருவன் நழுவினால் மற்றவனுக்குக் கழுத்தில் அடி. ஓர் அணியில் 15 பேர். பருத்தவனுக்கு ஓரிடம், உயர்ந்தவனுக்கு ஓரிடம், குள்ளனுக்கும் ஓரிடம். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குக் கைதட்டி, உள்ளூர்க்காரர்கள் விருந்து கொடுப்பது பழைய வழக்கம்.

வேலையிடத்துக்கும் இந்தப் பழக்கம் உதவும். மரம் வெட்டுவதானாலும் குலை சுமப்பதானாலும் பக்கத்தில் இருப்பவன்மேல் கண் வைத்திருப்பவனே நல்ல கூட்டாளி. சொன்ன நேரத்துக்கு வருவது, நடுவரின் தீர்ப்புக்கு அடங்குவது, தோற்ற பிறகும் மறுவாரம் பயிற்சிக்கு வருவது ஆகியவை வேலைக்கும் வேண்டிய குணங்கள்.

உடல் நலத்துக்கு வருவோம். ஓட்டம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. கூடி ஆடுவது மனச்சோர்வைக் குறைக்கும். ஆனால் இது முரட்டு ஆட்டம் என்பதையும் மறைக்கக்கூடாது. தலையில் அடிபட்டுத் தடுமாறுபவரை உடனே திடலைவிட்டு வெளியேற்ற வேண்டும். அன்று மீண்டும் இறக்கக்கூடாது. வீரம் பேசி அவரை ஆடவிடுவது நட்பு ஆகாது. மோதல் வேண்டாம் என்போருக்கு, தொட்டாலே போதும் என்ற விதியுடைய 'டச் ரக்பி' இருக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்தே ஆடலாம்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. 1967-இல் பெட்டாலிங் ஜெயாவில் பழைய மாணவர்கள் சேர்ந்து 'கோப்ரா' கிளப்பைத் தொடங்கினார்கள். அணிக்குப் பத்துப் பேர் ஆடும் ரக்பிப் போட்டியை அவர்கள் நடத்த, அந்த முறை பிற நாடுகளுக்கும் பரவியது. பள்ளிக்கூடத்து நட்பைப் பள்ளியோடு விட்டுவிடாததால் கிடைத்த பலன் அது.

1995 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் கூடிய உலக ரக்பி அமைப்பு, ஆட்டக்காரர்கள் காசு வாங்கலாம் என்று அறிவித்தது. நூறு ஆண்டு வழக்கு அன்றுதான் தீர்ந்தது. ஆயினும் இன்றும் உலகில் ரக்பி ஆடுவோரில் பெரும்பாலோர் ஒரு காசும் வாங்காதவர்களே. கட்டாயத்தால் அல்ல, விருப்பத்தால் அப்படி ஆடுகிறார்கள்.

நேயர்களே, கூலி இல்லாத ஆட்டம் வீண் ஆட்டம் அன்று. ஆனால் அதற்கு ஓய்வு நேரம் வேண்டும்; ஓய்வு என்பது உழைப்பவனின் உரிமை. அந்த அரைநாளுக்காகத்தான் அன்றைய தொழிலாளர்கள் வாதாடினார்கள். உங்கள் பிள்ளை மாலையில் திடலுக்குப் போகக் கேட்டால், "அதனால் என்ன வருமானம்?" என்று கேட்டுத் தடுக்காதீர்கள். கஷ்டம் வரும்போது வாசலில் வந்து நிற்கும் நான்கு நண்பர்களை அந்தத் திடல் அவனுக்குத் தரக்கூடும்.