பரீட்சை வந்த வழியும் துணை வந்த வழியும்

பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை என்றால் வழக்கமாக என்ன எழுதுவோம்? கான்டீன் வடை, மரத்தடி அரட்டை, என்.சி.சி. கேம்ப், பிரின்ஸிபாலின் கோபம். அதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடிய நண்பர்கள் இதே மலரில் இருக்கிறார்கள். முப்பது வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவன் என்பதால் மலர்க் குழுவினர் என்னிடம் "சரித்திரமா ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். சரி, நம் எல்லோருக்கும் பொதுவான ஒன்றின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். எந்த வருஷத்து மாணவராக இருந்தாலும் நாம் பரீட்சை எழுதியவர்கள். அந்தப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கேள்வி சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் நம் பல்கலைக்கழகங்களின் பிறப்பிலேயே இந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போய்விட்டது.

டில்லியில் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்த 1857-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தது. கல்கத்தாவும் பம்பாயும் அதே வருஷம்தான். மூன்றுக்கும் முன்மாதிரி 1836-ல் ஏற்பட்ட லண்டன் பல்கலைக்கழகம். இன்று நமக்கு விசித்திரமாகப் படும் விஷயம் என்னவென்றால், தொடக்கத்தில் இந்தப் பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் பாடம் நடத்தும். பல்கலைக்கழகம் பாடத்திட்டம் போட்டு, கேள்வித்தாள் அச்சடித்து, விடைத்தாள் திருத்தி, பட்டம் கொடுக்கும். விளைவிப்பவர் ஒருவர், மரக்கால் வைத்து அளப்பவர் இன்னொருவர். 1904-ஆம் வருஷத்துப் பல்கலைக்கழகச் சட்டம் வந்த பிறகுதான் பல்கலைக்கழகமே பாடம் சொல்லிக் கொடுக்க வழி திறந்தது.

மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிப்படியாக அளவு வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை சென்னையின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். பிற்காலத்தில் கலித்தொகையைப் பதிப்பித்த அதே பிள்ளையவர்கள்தான். அவரைப் போலக் கரை சேர்ந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. நடுவில் நின்றுபோனவர்களுக்கு மிஞ்சியது 'பி.ஏ. (ஃபெயில்)' என்று போர்டில் போட்டுக்கொண்டார்கள் என்ற கேலி ஒன்றுதான். நம் தாத்தா காலத்து நகைச்சுவை அது. எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அளப்பவர் ஒருவர், விளைவிப்பவர் ஒருவர் என்று பிரித்துவிட்டால் நடுவில் ஒரு காலி இடம் விழும். அதைக் காசு வாங்கிக்கொண்டு நிரப்ப ஆள் வராமல் இருப்பார்களா? கேம்பிரிட்ஜிலேயே வந்தார்கள். அங்கே கணித ட்ரைபாஸ் பரீட்சையில் முதலாவதாக வருபவருக்கு 'சீனியர் ராங்க்ளர்' என்று பட்டம். அதற்காகப் பையன்கள் தனியாகப் பணம் கட்டி ட்யூஷன் படித்தார்கள். எட்வர்ட் ரூத் என்ற ஒரே ஒரு ட்யூஷன் வாத்தியாரிடம் படித்தவர்களில் இருபத்தைந்து பேருக்கு மேல் சீனியர் ராங்க்ளர் ஆனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! நம்மூரில் ட்யூஷன் பெருகிவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள், அது எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

அந்த ட்யூஷன் உலகத்துச் சரக்கு ஒன்று கும்பகோணத்துக்கே வந்து சேர்ந்தது. ஜி.எஸ். கார் என்பவர் ட்ரைபாஸ் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்தவர். தம் மாணவர்களுக்கான குறிப்புகளை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சூத்திரங்களும் தேற்றங்களுமாகத் தொகுத்து 1880-களில் புத்தகமாகப் போட்டார். நிரூபணம் பேருக்குத்தான் இருக்கும். நம் பாஷையில் சொன்னால், கைடு! 1903-ல் அது பதினைந்து வயது ராமானுஜன் கையில் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்தது உலகம் அறிந்தது. ஒரு பரீட்சைக் கைடு ஒரு மேதைக்குத் திறவுகோலானது.

ஆனால் அதே ராமானுஜன் பரீட்சையில் தோற்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்கள் கைவிட்டன, உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. எழுதினார், தேறவில்லை. 1907-ல் மறுபடியும் எழுதினார், மறுபடியும் தேறவில்லை. "பாருங்கள், பரீட்சை என்பதே பொய்" என்று முடிப்பதற்கு இந்தக் கதையை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். நான் அப்படி முடிக்க மாட்டேன். ஒரு பாடத்தில் மலையாக நிற்கும் பையன் இன்னொரு பாடத்தில் சறுக்கினால் கைகொடுத்துத் தூக்கிவிடுவது யாருடைய வேலை? அந்தக் கால ஏற்பாட்டில் அது யாருடைய வேலையும் இல்லை. ராமானுஜனுக்குப் பிறகு ஹார்டி கிடைத்தார். மற்றவர்களுக்கு?

மற்றவர்களுக்கு பஜார் நோட்ஸ் கிடைத்தது. பாடமாக வைத்த ஆங்கில நாடகத்துக்கு வரிக்கு வரி அர்த்தம், 'எதிர்பார்க்கப்படும் கேள்விகள்', ஐந்து வருஷத்துக் கேள்வித்தாளும் விடையும். வாத்தியார்கள் திட்டினார்கள், மாணவர்கள் வாங்கினார்கள். சில வாத்தியார்கள் திட்டிவிட்டு வேறு பெயரில் எழுதவும் செய்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1917-ல் அமைந்த சாட்லர் கமிஷன், பரீட்சை படிப்பை விழுங்குகிறது என்றது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-ல் வேலை செய்த பல்கலைக்கழகக் கமிஷன், ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லலாம் என்றால் பரீட்சையைத்தான் திருத்தச் சொல்வோம் என்ற பொருளில் எழுதியது. நம் சென்னைத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் ஓர் அங்கத்தினர். பிறகு 1964-66-ல் கோத்தாரி கமிஷன். கமிஷன்கள் எல்லாம் பரீட்சையை எப்படித் திருத்துவது என்பதைப் பற்றித்தான் நிறையப் பேசின. பையன் ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்பது எந்தக் கமிஷனுக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

அந்த ராத்திரி பத்து மணி எனக்குத் தெரியும். 1971-ல் கிராமத்துப் பள்ளியில் தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு இங்கே பி.யு.சி. சேர்ந்தேன். ஒரு கோடை விடுமுறைக்குள் எல்லாப் பாடமும் இங்கிலீஷாகிவிட்டது. லெக்சரர் பேசுவதில் 'தட் இஸ்' மட்டும் புரியும். இத்தனைக்கும் தமிழ் வழி பி.ஏ. 1960-லேயே கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் சோதனையாகத் தொடங்கியாகிவிட்டது. தமிழ் வெளியீட்டுக் கழகமும் பிறகு தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கொண்டுவந்து கொண்டிருந்தன. நல்ல புத்தகங்கள், நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்தது இங்கிலீஷ் செக்ஷன்.

ஹாஸ்டலில் எங்கள் அறையில் ஐந்து பேர். ஐவருமே வீட்டில் முதல் தடவையாகக் காலேஜ் வாசல் மிதித்தவர்கள். படிப்பது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சத்தம் போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது. அர்த்தம் தெரியாமல் நாலு பக்கம் நெட்டுருப் போட்டு, ஹாலில் முதல் வரி மறந்தால் நாலு பக்கமும் போச்சு.

பக்கத்து அறையில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்த ஓர் அண்ணன் இருந்தார். எங்கள் கூச்சல் தாங்காமல் ஒருநாள் உள்ளே வந்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி மூடினார்.

"இப்பச் சொல்லு தம்பி. டல்ஹௌசி எதுக்கு அயோத்தியப் புடிச்சான்?"

"புஸ்தகத்தைப் பார்த்தாச் சொல்லுவேன்ணே."

"புஸ்தகத்துக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா? தமிழ்லயே சொல்லு. உன் வார்த்தையில சொல்லு. அப்புறம் இங்கிலீஷ்ல மூணு வரி எழுது."

அன்றிலிருந்து மெஸ் முடிந்து ஒரு மணி நேரம் அவர் அறையில் கூடுவோம். அவர் பாடம் நடத்தவில்லை. கேள்விதான் கேட்பார். ஒருவன் சொல்ல வேண்டும், இன்னொருவன் விட்டதைப் பிடிக்க வேண்டும். கேள்வித்தாளில் 'டிஸ்கஸ்' என்றால் என்ன, 'அக்கவுண்ட் ஃபார்' என்றால் என்ன என்று அவர்தான் பிரித்துக் காட்டினார். ஐந்து பேரில் மூன்று பேர் தேறினோம். இரண்டு பேர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. 'அவன்கிட்டப் போய்க் கேக்குறதா' என்ற கூச்சம். பி.யு.சி.யோடு அவர்கள் படிப்பு நின்றது. இருவரும் என்னைவிட மந்தமானவர்கள் அல்ல. அதை இப்போதும் சத்தியம் செய்வேன்.

அந்த அண்ணன் செய்ததற்குச் சென்னையிலேயே இருநூறு வருஷத்துப் பூர்வீகம் உண்டு என்பது நான் வாத்தியாரான பிறகுதான் தெரிந்தது. 1789-ல் எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நிர்வகிக்க ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் வந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னால் ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டுச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். நன்றாக நடந்தது. ஊர் திரும்பி 1797-ல் புத்தகம் எழுதினார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைக்குக் கப்பலேறும் யோகம்!

மெட்ராஸ் சிஸ்டத்தில் குறையும் உண்டு. ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓட்டிவிடலாம் என்பதுதான் பலருக்கு அதில் பிடித்த அம்சம். ஆனால் நேற்றுப் படித்தவனுக்குத்தான் எங்கே இடறும் என்று ஞாபகம் இருக்கும் என்பது மட்டும் உண்மை.

'புஸ்தகத்தை மூடு' என்ற பாதிக்கு விஞ்ஞானமும் பின்னாளில் சாட்சி சொன்னது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாடப் பகுதியை ஒரு குழு திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி வாசித்ததெல்லாம் தெரிவது போலவும், ஹாலில் தெரியாமல் போவதும் ஏன் என்று இன்றைய தம்பி தங்கைகளுக்கு இதிலிருந்து விளங்கும்.

இன்னொரு பாதி, அதாவது கூச்சம், அதற்கும் ஒருவர் மருந்து கண்டார். 1973-ல் அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்ற அம்மையார் ஓர் ஏற்பாடு செய்தார். 'வீக் ஸ்டூடன்ட்' என்று யாரையும் பிரிக்கவில்லை. எந்தப் பாடத்தில் நிறையப் பேர் விழுகிறார்களோ அந்தப் பாடத்தைப் பிடித்தார். அதை முன்பே நன்றாக முடித்த மாணவர் ஒருவர் மறுபடியும் அதே வகுப்பில் உட்கார்ந்து கேட்பார். வாரந்தோறும் வகுப்புக்கு வெளியே கூட்டம் நடத்துவார். முதல் மார்க் வாங்குகிறவனும் வரலாம், கடைசி பெஞ்சும் வரலாம். வந்தால் யாருக்கும் அவமானம் இல்லை. பல நாடுகளுக்கு இது பரவியிருக்கிறது.

நம் நாட்டில் எடுத்த வழி வேறு. 1978-ல் லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்று, தாங்களே பரீட்சை வைக்கும் உரிமை அடைந்தன. அதே வருஷம் பிளஸ் டூ வந்து பி.யு.சி. மறைந்தது. செமஸ்டர், இன்டர்னல் மார்க், பிரிட்ஜ் கோர்ஸ் எல்லாம் வந்தன. யு.ஜி.சி. பணத்தில் ரெமிடியல் கோச்சிங் வந்தது. நானே பல வருஷம் அதை நடத்தியிருக்கிறேன். நல்ல நோக்கம்தான். ஆனால் நோட்டீஸ் போர்டில் பெயர்ப் பட்டியல் ஒட்டினால் போதும், பட்டியலில் உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். என் அறை நண்பர்கள் இருவரையும் ஒவ்வொரு வருஷமும் அந்த வராண்டாவில் பார்த்தேன்.

இதை இந்த மலரில் எழுதக் காரணம் உண்டு. இந்தச் சந்திப்பில் சங்க நிதியை என்ன செய்வது என்று பேசப் போகிறோம். நுழைவாயிலில் நினைவு வளைவு ஒன்று கட்டலாம் என்பது ஒரு யோசனை. கட்டட வேலை செய்யும் நம் நண்பர்கள் அழகாகவே கட்டித் தருவார்கள், சந்தேகமில்லை. என் யோசனை வேறு. லைப்ரரி மாடியில் பழைய ரீடிங் ரூம் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, ஒவ்வொரு வருஷமும் அதிகம் அரியர் விழும் மூன்று பேப்பர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். காஸ்ட் அக்கவுண்டிங், அல்லைடு மேத்ஸ், எல்லோருக்கும் பொதுவான இங்கிலீஷ் என்று துறைத் தலைவர்கள் இப்போதே சொல்கிறார்கள். பேப்பருக்கு இரண்டு சீனியர் மாணவர்கள். அவர்களுக்கு மாதச் சம்பளமாக ஒரு தொகை. இனாமாகச் செய்யச் சொல்லக் கூடாது. பெயர்ப் பட்டியல் எதுவும் ஒட்டக் கூடாது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

நேரம் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை இருக்கலாம். ஆறரைக்கு மேல் கிராமத்துப் பக்கம் போகும் டவுன் பஸ் இரண்டே இரண்டுதான். பெண் பிள்ளைகள் அதற்குள் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர வேண்டும்.