கோடு இழுத்துக் கொடுத்த உயில்

நாவல் எழுதுகிறவனுக்கு உயில் மிகவும் சௌகரியமான சாமான். முப்பதாம் அத்தியாயத்தில் கதை நகர மறுத்தால் ஒரு கிழவரைச் சாகடித்து, அலமாரியிலிருந்து உயிலை எடுத்துவிடலாம். ஆனால் சொத்தே வேண்டாமென்று வந்தவர் உயில் எழுத நேர்ந்த கதையை நான் கற்பனை செய்திருக்க மாட்டேன். அது திருவண்ணாமலையில் நடந்த கதை.

1896 செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயது வெங்கடராமன் ரயிலிலிருந்து இறங்கினார். கையில் மிஞ்சிய சில ரூபாயையும் அய்யங்குளத்தில் எறிந்தார். கணக்கு அத்துடன் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தீரவில்லை. 1922-இல் தாயார் அழகம்மாள் காலமானார். அவருடைய சமாதிக்கு ஒரு கூரை வந்தது; கூரையைத் தொடர்ந்து சமையற்கட்டு, மாட்டுக் கொட்டில், புத்தகக் கடை, மணியார்டர் எல்லாம் வந்தன. மணியார்டர் வந்தால் அதை வாங்கிக் கையெழுத்திட ஓர் ஆள் வேண்டுமல்லவா? ரமணரோ எதிலும் கையெழுத்துப் போடுகிறவரல்ல.

தர்ம ஸ்தாபனத்துக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1874-இல் நியூயார்க் யூத வாலிபர்கள் சங்கம் அமைத்ததுபோல நம்மவரும் அமைக்கலாம். 1860-ஆம் வருஷத்து இருபத்தோராவது சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கம் பதிவாகும். அது கலைந்தாலும் அங்கத்தினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குருவைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யார் அந்த ஏழு பேர்?

தம்பி சின்னசுவாமி நிர்வாகத்தை ஏற்றார். பழைய சீடர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். ரமணர் சந்நியாசி, சந்நியாசிக்கு ஏது சொத்து, ஏது தம்பி என்பது வாதம். வாதம் லேசானதல்ல. முறைப்படி துறவு வாங்கியவன் இந்து சட்டத்தின் கண்ணில் குடும்பத்துக்குச் செத்தவன். 1936-இல் கமிஷன் விசாரணையில், எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று ரமணரிடமே கேட்டார்கள். நான்கையும் கடந்த அத்யாசிரமி என்று பதில் சொன்னார். அவர் யாரிடமும் தீட்சை வாங்கியவரல்ல என்பதால் சட்டத்துக்கும் அது பொருந்தியது. வழக்குத் தொடுத்தவர் தோற்றார். வக்கீல்கள் மெச்ச வேண்டிய பதில் இது!

அதே 1936-இல்தான் எஸ். எஸ். கோஹன் என்ற இராக் நாட்டு யூதர் வந்து பலாக்கொத்தில் குடியேறினார். கணக்கர் வேலை பார்த்தவர். போலந்து யூதரான மாரிஸ் ஃப்ரீட்மன் என்ற எஞ்சினீயரும் அந்தக் கூடத்தில் கேள்விகள் கேட்டவர்தான். இன்னாருக்குத்தான் இந்த இடம் என்று விதி எழுதியிருந்தால் இவர்கள் எந்தப் பத்தியில் அடங்குவார்கள்? விதி எழுதாததே நல்லதாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் நாளைக்கு யார் என்ற கேள்வி இருந்ததே! 1938-இல் உயில் எழுதப்பட்டது. ரமணர் கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு இழுத்தார் என்று ஆசிரம வரலாறு சொல்கிறது. நிர்வாகம் தம்பிக்கும் அவர் சந்ததிக்கும் போயிற்று. 1953-இல் தம்பி மறைந்தபின் அவர் மகன் டி. என். வெங்கடராமன் 1994 வரை பொறுப்பில் இருந்தார். பரம்பரை பாத்தியதை என்று முகம் சுளிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சொத்து மட்டும் தம்பிக்கு எழுதப்படவில்லை. நம் சட்டத்தில் விக்கிரகமும் ஓர் ஆசாமி, சொத்து வைத்துக்கொள்ளலாம். தாயாரின் சமாதிமேல் பிரதிஷ்டையான மாத்ருபூதேசுவரருக்கே எல்லாம் எழுதப்பட்டது. அந்தத் தாயாரிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் 1896-இல் பையன் ரயிலேறியிருந்தான்.