யாருடைய காசு, யாருடைய முடிவு?
பொருளாதார சனநாயகத்தை அளக்க முயன்ற வரலாறு

1957 ஒக்டோபர் 13ஆம் திகதி சுவீடன் மக்கள் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். அது பாராளுமன்றத் தேர்தல் அல்ல. ஓய்வூதியம் பற்றிய மக்கள் தீர்ப்பு. எல்லாத் தொழிலாளருக்கும் சட்டப்படி கட்டாயமான மேலதிக ஓய்வூதியமா, விரும்பியவர் சேரும் ஏற்பாடா, அல்லது முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் தமக்குள் பேசி முடிக்கும் திட்டமா என்று மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. முதலாவது வழிக்கு ஏறத்தாழ 46 சதவீதம் கிடைத்தது. அதிக வாக்குதான், ஆனால் அரைவாசியைத் தாண்டவில்லை. அடுத்த வருடம் பாராளுமன்றத்தின் இரண்டாவது சபை கலைக்கப்பட்டு, இதே கேள்வியை வைத்துத் தேர்தல் நடந்தது. 1959 மே மாதத்தில் 115க்கு 114 என்று ஒரேயொரு வாக்கினால் சட்டம் நிறைவேறியது. லிபரல் கட்சியைச் சேர்ந்த, தொழிலாளர் பின்னணியுள்ள ஓர் உறுப்பினர் வாக்களிக்காமல் விலகி நின்றதால்தான் அந்த ஒரு வாக்கும் மிஞ்சியது.

அந்த இழுபறி நடந்துகொண்டிருந்த 1958ஆம் ஆண்டில்தான் நமது பாராளுமன்றம் 15ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. ஊழியர் சேமலாப நிதி பிறந்தது அப்படித்தான். பண்டாரநாயக்க அரசாங்கத்தில் தொழில் அமைச்சராயிருந்த ரி.பி. இலங்கரத்தினவின் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. வயோதிபத்தில் கையேந்தாமல் இருக்க உழைப்பாளிக்கு ஒரு சேமிப்பு என்ற அளவில் அது பெரிய காரியம். குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு நாடுகளிலும் சட்டம் எழுதியவர்கள் இன்னொரு கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. இலட்சக்கணக்கான உழைப்பாளிகளின் காசு ஓரிடத்தில் சேர்ந்தால், அதை என்ன செய்வதென்று யார் தீர்மானிப்பது? சுவீடனில் அந்தப் பணம் ஓய்வூதிய நிதிகள் சிலவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவற்றின் நிர்வாக சபைகளில் அரசாங்கத்தின் ஆட்களோடு முதலாளிமாரின் பிரதிநிதிகளும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். நம்முடைய சட்டத்தில் பொது நிர்வாகம் தொழில் ஆணையாளரிடம் போனது. காசை வைத்திருந்து முதலீடு செய்யும் பொறுப்பு மத்திய வங்கியின் நாணயச் சபையிடம் போனது. அங்கத்தவர்கள் தெரிவு செய்து அனுப்பும் ஆளுக்கு எங்கேயும் ஆசனம் இல்லை.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு பெயர் உண்டு. அதைத்தான் பொருளாதார சனநாயகம் என்கிறார்கள். சொத்து யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல அதன் முதற் கேள்வி. தீர்மானம் எடுக்கும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான். 1897இல் சிட்னி வெப், பியட்ரிஸ் வெப் தம்பதியர் பிரித்தானியத் தொழிற்சங்கங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலுக்குக் ‘கைத்தொழில் சனநாயகம்’ என்றே பெயர் வைத்தார்கள். 1928இல் ஃபிரிட்ஸ் நஃப்தாலி ஜேர்மன் தொழிற்சங்கங்களுக்காகப் பொருளாதார சனநாயகம் பற்றிய நூலைத் தொகுத்தார். ஐந்து வருடத்தில் ஹிட்லர் வந்து அந்தச் சங்கங்களையே கலைத்துவிட்டான். போருக்குப் பிறகு அந்தச் சிந்தனை திரும்பி வந்தது: 1951இன் சட்டம் நிலக்கரி, உருக்குக் கம்பனிகளின் மேற்பார்வைச் சபைகளில் தொழிலாளருக்குச் சரிபாதி ஆசனம் கொடுத்தது. 1976இல் 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் மற்றக் கம்பனிகளுக்கும் பாதி ஆசனம் வந்தது. ஆனால் வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு. தலைவரோ பங்குதாரர் பக்கத்து ஆள். பாதி என்று எழுதியிருந்தாலும் அது முழுப் பாதியல்ல.

அளவுகோலின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சட்டத்தை எண்ணினால் போதுமா?

போதாது என்பதற்கு யூகோஸ்லாவியாவை விடச் சிறந்த சாட்சி இல்லை. 1948இல் ஸ்டாலினோடு முறிந்த பிறகு, 1950 ஜூனில் டிட்டோவின் அரசாங்கம் தொழிற்சாலைகளைத் தொழிலாளர் சபைகளின் நிர்வாகத்துக்கு ஒப்படைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. காகிதத்தில் புள்ளி போட்டால் உலகத்தில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் சபைக் கூட்டங்களில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பின்னர் அங்கேயே சமூகவியலாளர் எண்ணிப் பார்த்தபோது, பேச்சின் பெரும்பகுதி முகாமையாளர்களிடமும் நிபுணர்களிடமும் இருந்தது தெரியவந்தது. 1958 ஜனவரியில் ஸ்லோவேனியாவின் டிர்போவ்லியே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாங்களே நிர்வகிப்பதாகச் சொல்லப்பட்ட சுரங்கத்தில் யாருக்கு எதிராக அந்த வேலைநிறுத்தம்? கட்சி இந்தக் கேள்வியால் தடுமாறியதில் ஆச்சரியமில்லை.

நம்மூர்ச் சங்கக்கடையின் பொதுக்கூட்டத்துக்குச் சின்ன வயதில் என் சாச்சாவோடு போயிருக்கிறேன். அவரும் ஓர் அங்கத்தவர். தீர்மானத்தை வாசிப்பார்கள், எல்லோரும் கையுயர்த்துவார்கள், தேநீர் வரும். திரும்பி வரும்போது ஒருநாள் சொன்னார்: “சங்கம் எங்கடதான் மகன். சாவிதான் எங்கட கையில இல்ல.” யூகோஸ்லாவியாவைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வருகிறது.

நாடுகளை வரிசைப்படுத்தும் வழக்கம் பரவிய காலத்தில் முதலில் பிரபலமானது வேறோர் அளவுகோல். 1995 முதல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் நிறுவனம் ‘பொருளாதார சுதந்திரச் சுட்டெண்’ வெளியிடுகிறது. ஹொங்கொங் 25 வருடம் தொடர்ந்து அதில் முதலாவதாக நின்றது. தொழிலாளரை வேலையிலிருந்து நீக்குவது எவ்வளவு இலகுவோ, அவ்வளவுக்கு அந்நாடு அங்கே புள்ளி பெறும். சுதந்திரம் யாருடையது என்று கேட்டால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

அதற்கு நேரெதிரான கேள்வியோடு வந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ கம்பர்ஸ். அவரும் சகாக்களும் தயாரித்த பொருளாதார சனநாயகச் சுட்டெண், செல்வந்த நாடுகளின் அமைப்பான ஓஈசீடியைச் சேர்ந்த 32 நாடுகளை எடுத்துக்கொண்டது. வேலைத்தல உரிமைகள், தொழிற்சங்கங்களும் கூட்டுறவுகளும், பொருளாதாரத் தீர்மான அதிகாரம் எவ்வளவு பரவலாக இருக்கிறது, அரசாங்கக் கொள்கை வகுப்பில் மக்களுக்குள்ள இடம் ஆகியவையே அதன் பிரிவுகள். டென்மார்க் தலையில் நின்றது; அமெரிக்கா அடியில். மற்றச் சுட்டெண்ணில் மேல்தட்டில் இருந்த அமெரிக்கா இதில் கடைசி என்பதே, அளவுகோலைச் செய்பவரின் கேள்விதான் பாதி விடை என்பதைக் காட்டிவிடுகிறது. கம்பர்ஸின் எண்களிலும் குறை இருக்கிறது. சேரியில், வயலில், வீட்டு வேலையில் உழைப்பவர்களைப் பற்றிய தரவு கிடைக்காத நாடுகள் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை. இலங்கையும் அதில் இல்லை.

சுவீடனின் கதை 1959இல் முடியவில்லை. 1974இல் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு கம்பனிப் பங்கு வாங்க நான்காவது நிதி ஒன்று அமைக்கப்பட்டது. 1975இல் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பொருளியலாளர் ரூடொல்ஃப் மெய்ட்னர் அதையும் தாண்டிப் போனார். பெரிய கம்பனிகள் இலாபத்தில் 20 சதவீதத்தைப் புதிய பங்குகளாகத் தொழிலாளர் நிதிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் சில தசாப்தங்களில் கம்பனிகளின் பெரும்பான்மை உடைமையே கைமாறிவிடும். முதலாளிமார் விடுவார்களா? 1983 ஒக்டோபர் 4ஆம் திகதி ஸ்டொக்ஹோம் வீதியில் பல்லாயிரக்கணக்கானோர் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். அந்த டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் மெய்ட்னரின் சாரம் பெரும்பாலும் வடிந்துபோயிருந்தது. அதைக் கொண்டுவந்த நிதியமைச்சர் ஷெல் ஊலொஃப் ஃபெல்ட்டே சபையில் இருந்தபடி அதைக் கேலி செய்து கவிதை கிறுக்கியதைப் பத்திரிகைக் கமரா பிடித்துவிட்டது. 1991இல் வந்த வலதுசாரி அரசாங்கம் அந்த நிதிகளைக் கலைத்தது. பெரிய தோல்விதான். ஆனாலும் தொழிலாளரின் சேமிப்பைப் பற்றி ஒரு நாடே முப்பது வருடத்துக்கு மேல் பகிரங்கமாகச் சண்டை பிடித்தது. அந்தச் சண்டையை எந்தச் சுட்டெண்ணின் எந்தக் கட்டத்தில் போடுவது?

இனி நம் கதை. 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டது. சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதியங்கள் தம்மிடமிருந்த திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டியுள்ள, நீண்டகால முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். மறுத்தால் முறி வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி. வங்கிகளின் முறிகள் அதிலிருந்து விடுபட்டன. வங்கிகள் விழுந்தால் வைப்பாளர்கள் நாசமாவார்கள் என்றது அரசு; அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஜூலை முதலாம் திகதி, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் அது நிறைவேறியபோது, தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரிடமோ ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவரிடமோ யாரும் எதுவும் கேட்கவில்லை. நிதி மாற்றத்துக்குச் சம்மதித்தது. சம்மதித்தவர்கள் அங்கத்தவர்கள் அல்ல.

சாச்சா அச்சகத்தில் வேலை செய்தவர். ஓய்வுபெற்ற காலத்தில் அலுமாரியிலிருந்து பீ கார்டை எடுத்து எனக்குக் காட்டினார். பெயர் இருந்தது, இலக்கம் இருந்தது, சேர்ந்த திகதி இருந்தது. மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பழைய உறைக்குள்ளேயே போட்டு வைத்தார்.