போர்ட்டரும் பனங்கள்ளும்

போர்ட்டர் என்பது கருக வறுத்த பார்லி மால்ட் சேர்த்து வடிக்கப்படும் கருநிற பியர். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் தோன்றியது. தெருக்களிலும் தேம்ஸ் ஆற்றுத் துறைகளிலும் சுமை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்ததால், அவர்களின் பெயரே இந்த மதுவுக்கும் நிலைத்தது. தொடக்கத்தில் அது பழுப்பாகவே இருந்தது. காபிக்கொட்டை வறுப்பது போல உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்கு 1817இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற பிறகே இன்றைய கருமை வந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்கு வந்த பியர் என்றதும் வெளிர்நிற 'பேல் ஏல்' வகையைத்தான் பலரும் சொல்வர். அது அதிகாரிகளின் மேசைக்கு வந்தது. சாதாரணச் சிப்பாய்களுக்குப் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது போர்ட்டர். அதன் வலுவான தம்பியான ஸ்டவுட் இலங்கையில் நுவரெலியா மலையிலேயே காய்ச்சப்பட்டது. அங்கிருந்து வந்த 'லயன் ஸ்டவுட்' பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சனின் பாராட்டால் வெளிநாடுகளிலும் பெயர் பெற்றது. இவர் பாடகர் அல்லர்.

போர்ட்டரைப் பனிக்கட்டி போல் குளிர்வித்தால் சுவை ஒளிந்துகொள்ளும். சற்றே குளிர்ந்த நிலையில், முதலில் முகர வேண்டும். கொக்கோ, வறுத்த காபி, அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு போன்ற வாசனைகள் வரும். பிறகு நாவில் இனிப்பும், கடைசியில் ஹாப்ஸ் பூவின் கசப்பும். கருப்பட்டிக் காபி குடித்து வளர்ந்த விருதுநகர்க்காரருக்கு இந்தச் சுவை புதிதாக இருக்காது என்பது என் எண்ணம்.

இந்த வறண்ட மண்ணில் உழைப்பாளியின் மது பனங்கள். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் புகுந்து கள். காலையில் இனிக்கும் கள் மாலைக்குள் புளித்துவிடும். அதனால் அதற்குப் பீப்பாயும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை.

ஆனால் அந்தச் சுவையை மட்டும் புகழ்வது பாதி வரலாறு. ஒரு பனையேறி நாளொன்றுக்கு 30 முதல் 50 மரங்களில், ஒவ்வொன்றிலும் இருமுறை ஏறியிறங்கினார். அந்தத் தொழிலைக் காட்டியே அவரது சாதியைத் தாழ்த்தினார்கள். கோயில் வாசல்கள் அடைக்கப்பட்டன. 1899இல் சிவகாசி கலவரத்தில் எரிந்தது. அதற்கு முன்பே விருதுபட்டி வணிகர்கள் மகமைப் பணத்தில் க்ஷத்ரிய வித்யாசாலையைத் தொடங்கியிருந்தனர். 1910இல் உருவான நாடார் மகாஜன சங்கம், கள் இறக்குவதை விட்டுக் கருப்பட்டி காய்ச்சும்படி பனையேறிகளை வற்புறுத்தியது. விருதுபட்டி 'விருதுநகர்' ஆன 1920களில் சிவகாசியின் முதலீடு தீப்பெட்டிக்குள் போனது.

பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அழிந்த போர்ட்டரை 1970களின் இறுதியில் சிற்றாலைகள் மீட்டெடுத்தன. அங்கே சுமைகூலியின் மது ரசிகரின் மதுவானபோது எவருடைய மானமும் குறுக்கே நிற்கவில்லை. இங்கே கள்ளைக் 'கைவினை மது' என்று கொண்டாட நினைப்பவர், அதை இறக்கியவர்களின் பேரர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தடை நீங்க வேண்டும் என்று கோரும் பனையேறிகளும் உண்டு. அவர்கள் கேட்பது ரசனையை அல்ல, வருமானத்தை.

தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடையில் இருக்கிறது. டாஸ்மாக்கில் பியர் கிடைக்கிறது. கோடையில் சாலையோரம், பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரும் கிடைக்கிறது. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும்.