ஜோக்கர் ஸ்ரீரங்கத்தில் மாட்டினால்..?

பேட்மேனைத் தெரியும். அவருடைய ஜென்ம விரோதி ஜோக்கரையும் தெரியும். ஒவ்வொரு முறையும் ஜோக்கரை அடித்துத் துவைத்த பிறகு அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஜெயிலில் அல்ல, ஆஸ்பத்திரியில்! 'ஆர்க்காம் அசைலம்' என்று பெயர். குற்றம் புரிந்த மனநோயாளிகளுக்கான தனி மருத்துவமனை. டென்னிஸ் ஓ'நீல் என்கிற கதாசிரியர் 1974-ல் காமிக்ஸுக்குள் கட்டிய கட்டடம் அது. (பெயர் மட்டும் இரவல். லவ்கிராஃப்ட் என்ற திகில் எழுத்தாளரின் கற்பனை ஊர் அது!)

1989-ல் கிராண்ட் மாரிசன் எழுதி, டேவ் மெக்கீன் வரைந்த புத்தகம் ஒன்று வந்தது. ஏப்ரல் முதல் தேதியன்று நோயாளிகள் எல்லோரும் சேர்ந்து ஆஸ்பத்திரியையே பிடித்துக்கொள்கிறார்கள். 'பேட்மேன் உள்ளே வந்தாகணும்' என்கிறார்கள். நடுநடுவே ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் அமேடியஸ் ஆர்க்காமின் கதை. தன் மனைவியையும் மகளையும் கொன்றவனுக்கு அவரே வைத்தியம் பார்க்கிறார். பிற்பாடு ஒருநாள் மின்சாரம் பாய்ச்சி அவனைத் தீர்த்துக்கட்டுகிறார். கடைசியில், தான் கட்டிய ஆஸ்பத்திரியிலேயே தானும் ஒரு நோயாளி! ராத்திரி தனியாகப் படிக்காதீர்கள்.

சரி, இந்த ஜோக்கர் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தடியில் நாலு பேரைக் கொன்று திருச்சி போலீஸிடம் மாட்டியிருந்தால்? 'என் கட்சிக்காரருக்குப் புத்தி சரியில்லைங்க' என்று வக்கீல் எழுந்து நிற்பார். கோர்ட் பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான். அதைச் செய்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தப்பு அல்லது சட்டவிரோதம் என்றோ புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு அவர் மனநிலை கெட்டிருந்ததா? ஜோக்கரா? நாள்கணக்கில் திட்டம் போடுகிற ஆசாமி! தப்பு என்று தெரிந்ததால்தானே அப்படிச் சிரிக்கிறார்! ஆக, நேராகத் திருச்சி மத்திய சிறைதான்.

இந்தக் கேள்வி பிறந்த இடம் லண்டன். 1843 ஜனவரியில் டேனியல் மக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுவிட்டார். ஆளுங்கட்சி தன்னைத் துரத்துகிறது என்று ஒரு பிரமை! ஜூரிகள் 'புத்தி பேதலித்தவர், குற்றவாளியல்ல' என்று சொல்ல, நாடே கொதித்தது. விக்டோரியா மகாராணிக்கும் கோபம். நீதிபதிகள் கூடி ஒரு விதி வகுத்தார்கள். அதுதான் 1860-ல் நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவானது. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 22-வது பிரிவு. நம்பர்தான் மாறியது, சாரம் அதேதான். மக்நாட்டன்? வெளியே விடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில். கடைசியாக, 1863-ல் திறந்த பிராட்மூர். நிஜ உலகத்து ஆர்க்காம் என்றால் அதுதான். 1865-ல் அங்கேயே இறந்தார்.

நம் பக்கத்தில் அதற்கெல்லாம் கீழ்ப்பாக்கம். 1871-லிருந்து இருக்கிறது. (சினிமா காமெடியில் அடிபட்டு, ஊர்ப் பெயரே கேலியாகிவிட்டது, பாவம்!) குற்றம் எதுவும் செய்யாத, மனசு மட்டும் நொந்துபோனவர்களைத் திருச்சிக்காரர்கள் கூட்டிப்போனது வேறு இடத்துக்கு. ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் இடதுபக்கம் திரும்பினால், காவிரிக் கரையோரமாகவே குணசீலம். பிரசன்ன வேங்கடாசலபதி கையில் செங்கோலுடன் நிற்கிறார். 48 நாள் தங்கவேண்டும். பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தத்தை அடிப்பார்கள். பிற்பாடு கோயிலை ஒட்டி, அரசு அனுமதியுடன் மனநல மறுவாழ்வு மையமும் வந்தது. தீர்த்தமும் மாத்திரையும் சேர்ந்தே இருக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?

காமிக்ஸில் ஆர்க்காமின் பூட்டு மாதத்துக்கு ஒருமுறை உடையும். உடைந்தால்தானே அடுத்த கதை! நிஜத்தில் பூட்டு உடைவதே இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமலே கருகினார்கள். அவர்கள் யாரும் யாரையும் கொன்றவர்கள் இல்லை.

அஸ்ஸாமில் மசாங் லாலுங் என்று ஒருவர். 1951-ல், ஒருவரைத் தாக்கியதாகக் கைது செய்தார்கள். வயது இருபத்து மூன்றோ என்னவோ. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-ல் டாக்டர்கள், 'ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பினார்களா? ஜெயிலுக்கு அனுப்பினார்கள்! விசாரணை என்ற ஒன்றே நடக்கவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. மனித உரிமை ஆணையம் தலையிட்டு, 2005 ஜூலையில் வெளியே வந்தார். 54 வருஷம்! ஜாமீன் தொகை எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய். சுப்ரீம் கோர்ட் மூன்று லட்சம் ரூபாய் நஷ்டஈடும், மாதம் ஆயிரம் ரூபாயும் கொடுக்கச் சொன்னது. சொந்த ஊருக்குப் போனார். அங்கே இரண்டரை வருஷம்கூட இருக்கவில்லை. 2007 டிசம்பரில் இறந்துபோனார்.